வேர்த்த கூரையும் பக்கத்து வீட்டு அக்காவும்

"…இல்ல, நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். ஒரே ஷீட்டு, ஒரே ஸ்க்ரூ, ஒரே நாள்ல ஒரே ஆள் ஏறிப் போட்டது. உன் தலைக்கு மேல மட்டும் மகாராணி மாதிரி காய்ஞ்சி கெடக்கு. என் தலைக்கு மேல வந்தா அழுவுது. அதுக்கு இன்னாடி அர்த்தம்?"

பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டது ஒரு மார்கழி விடியற்காலை. எனக்கு இன்னும் தூக்கம்கூடச் சரியாகக் கலையவில்லை. என் வீட்டு நடுவில் நின்று, கழுத்தை முழுசாகப் பின்னால் சாய்த்து, கூரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையெல்லாம் ஈரம். நெற்றியில் துருக் கலரில் ஒரு சொட்டு.

"காபி குடிக்கிறீங்களாக்கா?" என்றேன்.

"காபி எங்க வீட்லயும் கீது."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, உள்ளங்கையால் என் ஷீட்டைத் தடவிப் பார்த்தாள். கை காய்ந்துதான் இருந்தது. இறங்கி வந்து அந்தக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள், நான் எங்கேயோ திருடி ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேர மட்டும் போட்டிருக்கா, அவ பேர ஏன் போடல?" என்று கேட்டுக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்துவிடுவாள். அங்கேதான் இப்போது மகனோடு இருக்கிறாள். அவனுக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸுக்குக் கான்கிரீட் கூரை.

எங்கள் வரிசை ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம். நாலு வீடு, நாலுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை. பழைய காலத்துச் செங்கல் சுவர், மேலே சீமை ஓடு. குரங்குகள் வந்து ஓட்டைப் பிரித்துப் போட்டுப் போட்டு, வீட்டு ஓனர் பேஜாராகி, ஒரு கோடையில் மொத்த ஓட்டையும் இறக்கிவிட்டு நீலக் கலர் தகர ஷீட்டைப் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷத்து மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாங்கள் எல்லாரும் அவரை வாழ்த்தினோம். அக்கா மட்டும், "ஓனர் வீட்டுக்கு இன்னா கலர் போட்டாராம்?" என்று விசாரித்தாள்.

மழை முடிந்து பனி வந்தது. ஒருநாள் விடியற்காலை நாலு வீட்டுக்காரர்களும் எழுந்து வெளியே வந்து ஆகாயத்தைப் பார்த்தோம். மேகமே இல்லை. நட்சத்திரம் தெரிந்தது. வாசல் மண் காய்ந்து கிடந்தது. உள்ளே போனால் போர்வை நனைந்திருந்தது.

"வெளிய மழ இல்ல, வீட்டுக்குள்ள பெய்யுது" என்றார் என் வீட்டுக்காரர்.

ரெண்டு மூன்று நாளில் விஷயம் புரிந்துவிட்டது. ஓடு இருந்த வரைக்கும் கூரைக்குச் சந்து பொந்து ஆயிரம். ஆவி அது வழியாகப் போய்விடும், கொஞ்சம் நின்றாலும் ஓடு குடித்துக்கொள்ளும். தகரம் குடிக்காது. நாம் தூங்கும்போது விடுகிற மூச்சு, சோறு வடித்த ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, எல்லாம் மேலே போய், பனியில் சில்லென்று கிடக்கிற தகட்டில் முட்டித் தண்ணீராகி நிற்கும். அப்புறம் இரும்புக் கம்பி ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் துருவையும் சேர்த்துக்கொண்டு சொட்டும். இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் உள்பக்கம் என்ன இருக்குமோ அதுதான். யாரும் வந்து எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. இட்லி ஊற்றுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. "கூரை வேர்க்குது" என்று சொல்லிவிட்டு அவரவர் வழியைப் பார்த்தோம். ரெண்டாவது வீட்டு டெய்சி கட்டிலுக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினாள். "எங்க வீட்ல சர்ச் மணி மாதிரி விட்டு விட்டு அடிக்குது" என்று சிரிப்பாள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் வீட்டில்தான் ஜாஸ்தி. தீக்குச்சி உரசினால் மருந்து தனியாக வழித்துக்கொண்டு வரும். அப்பளம் துணி மாதிரி தொங்கும். சுவரின் மேல்விளிம்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். அவள் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. நாளெல்லாம் தண்ணீரில் நின்றுவிட்டு வந்து, ஈரத் தலையணையில் தலை வைத்து, விடிய விடிய இருமுவார். வாயே திறக்காத மனுஷர். அவருடைய இருமலைத்தான் சுவர் வழியாக நாங்கள் கேட்டிருக்கிறோம், பேச்சைக் கேட்டதில்லை.

கூரை வேர்க்கிறது என்பதை அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. வேர்வை என்றால் எல்லாருக்கும் பொது. அவளுக்கு வந்த கஷ்டம் பொதுவாக இருக்க முடியாது. யாரோ அவளுக்கென்று செய்திருக்க வேண்டும். முதலில் ஷீட்டுப் போட்ட ஆளைச் சந்தேகப்பட்டாள். ஷீட்டின் அடிப்பக்கம் அச்சடித்திருந்த எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, என் வீட்டுக்கு வந்து இங்கே இருக்கிற எழுத்தோடு ஒத்துப் பார்த்தாள். ரெண்டும் ஒன்றாக இருந்தது. "எழுத்து ஒண்ணுதான், உள்ள இருக்கற சரக்கு வேற" என்றாள். பிறகு ஏணி போட்டு ஏறி, உச்சி வெயிலில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தார் வைத்தாள். மழையே இல்லாத மாதத்தில் கூரைக்குத் தார் வைத்த ஒரே மனுஷி எங்கள் தெருவில் அக்காதான். அடுத்த நாள் விடியற்காலை வழக்கம்போலச் சொட்டியது.

"கடவுள் எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுக்கறப்ப நான் மட்டும் கக்கூஸுக்குப் போய்ட்டேன் போல" என்றாள்.

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் அவள் பின்னால் சுற்றியிருக்கிறேன். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, "உனக்கு மட்டும் கொழாயே எட்டி வந்து ஊத்துதுடி, எனக்குக் காத்து ஊதுது" என்பாள். டெய்சி புதுப் புடவை கட்டினால், "நல்லா கீது. நான் கட்டினா இதே பொடவ வேற மாதிரி நடந்துக்கும்" என்பாள். நல்லதுக்கு மட்டும் பொறாமைப்படுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அக்கா கெட்டதுக்கும் பொறாமைப்படுவாள்.

என் வீட்டுக்காரர் ஒருமுறை மஞ்சள் காமாலையில் படுத்தார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ஆளுக்கு ரெண்டு இளநீர். அக்காவும் வந்தாள். கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்த இளநீரையெல்லாம் பார்த்தாள், படுத்திருந்தவரைப் பார்க்கவில்லை.

"குடுத்து வச்ச காமால" என்றாள்.

அடுத்த வாரம் அவளுக்கு ஜுரம். வந்ததா வரவழைத்துக்கொண்டாளா தெரியாது. நான் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தவள் ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டாள்.

"அந்தாளுக்கு எளநீ. எனக்குக் கஞ்சியா?"

"குடிங்கக்கா, சூடா இருக்கு."

முழுசாகக் குடித்தாள். மறுநாள் என் பாத்திரம் பளபளவென்று விளக்கித் திரும்பி வந்தது, உள்ளே நிறைய முறுக்கு. ஜுரத்தோடு எழுந்து சுட்டிருக்கிறாள். "இன்னாத்துக்குக்கா இதெல்லாம்?" என்றால், "காலிப் பாத்திரமா குடுத்தா நீ நாலு பேர்கிட்ட சொல்லுவ" என்றாள். முறுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கு அந்தக் கைப்பக்குவம் வராது என்று எனக்கும் ஒரு எரிச்சல்.

எல்லாரும் தன்னைப் போலவே இருப்பார்கள் என்பது அவள் நினைப்பு. அதனால் எல்லார் கண்ணும் தன்மேல்தான் என்று பயந்துகொண்டே இருந்தாள். வரிசையில் எங்கள் மூன்று வீட்டுக்கும் அடுப்பு பின்பக்கச் சாய்ப்பில் இருந்தது. அக்கா மட்டும் வீட்டுக்குள்ளே சமைத்தாள். பின்பக்கம் சமைத்தால் என்ன வேகிறது என்று அக்கம்பக்கம் பார்க்குமாம், கண் படுமாம். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, அதுவும் போதாமல் வாசனை வெளியே போகக்கூடாது என்று, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் அலை அலையாக இருக்கிற சந்தையெல்லாம் கழிவுத் தோல் துண்டும் ஸ்பாஞ்சும் வைத்து இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தாள். மேலே காற்றுப் போக ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு தோலை வெட்டி ஆணி அடித்திருந்தாள். "இன்னாக்கா இன்னிக்குச் சாப்பாடு?" என்று கேட்டால், கையில் மீன் வறுத்த வாசனையோடு, "பழைய சோறுதான்டி" என்பாள்.

என் வீடு காய்ந்து கிடந்ததற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கடைசி வீடு. பக்கச் சுவரின் உச்சியில் செங்கல் விழுந்து ஒரு ஓட்டை. "அடைச்சிடறேன், அடைச்சிடறேன்" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஓட்டை வழியாகத்தான் ஆவி போய்க்கொண்டிருந்தது. அவருடைய சோம்பேறித்தனம்தான் எங்கள் ராசி.

ஒருமுறை அக்காவிடமே சொல்லிப் பார்த்தேன். "பானையத் தொறந்து வச்சிட்டு வீட்ட மூடி வச்சிக்கிறீங்கக்கா. அந்தத் துண்டெல்லாம் எடுத்துப் போடுங்க, தானா காயும்."

கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எடுத்துப் போட்டா? நீ எட்டிப் பாக்க வசதியா இருக்கும்."

அந்தத் தை மாதம் விரிஞ்சிபுரத்தில் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். நாங்கள் நாலைந்து நாள் தங்கும்படி ஆனது. சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவளிடம் கொடுக்காமல் டெய்சியிடம் கொடுத்தால், அதற்கு ஒரு வருஷம் பேச்சு வாங்க வேண்டும்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், எங்கள் வீட்டுக்குள்ளே அக்கா. அடுப்பு, பாய், தலையணை, வீட்டுக்காரர் எல்லாத்தோடும் குடி வந்திருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு லுங்கியைச் சரிசெய்துகொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார்.

"ஒரு நாலு நாளாவது அந்தாளு ஈரமில்லாத தலகாணியில படுக்கட்டும்னுதான்டி" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால், என் கூரை! ஷீட்டு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சொட்டு ஒன்று என் மூக்கின்மேலேயே விழுந்தது. பக்கச் சுவர் ஓட்டையில் சாக்கு. சந்திலெல்லாம் தோல் துண்டு. வந்த முதல் நாளே எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, உள்ளே அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள்.

அக்காவின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். அவள் மகனுக்கு வேலை கிடைத்த அன்றுகூட அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

"பாத்தியா! உன் வீடும் சொட்டுது. இத்தன நாளா மறைச்சி வச்சிருந்த."

"அக்கா, நீங்க அடைச்சி வச்சதாலதான்…"

"அதெல்லாம் பேசாத. சொட்டுதா, சொட்டலையா?"

"சொட்டுது."

"அப்பாடா" என்றாள். அன்றைக்குப் பூரா என்னோடு அவ்வளவு பிரியமாக இருந்தாள். தலை வாரிப் பூ வைத்துவிட்டாள். நான் சாக்கையும் துண்டையும் எடுத்துப் போட்டு, ரெண்டு நாளில் கூரை மறுபடி காய்ந்ததும், பேச்சை நிறுத்திவிட்டாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி அக்காவைத்தான் சொன்னதாகும்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகாத பெண்களுக்கு ஷூ வேலை வீடு தேடி வரும். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். வெட்டின தோலை மூட்டையாகக் கட்டி ஏஜென்ட்டம்மா கொண்டுவந்து போடுவாள். ரெண்டு ஊசியும் மெழுகு நூலும் வைத்துக் கையால் தைக்க வேண்டும். பக்கத் தையல் யார் வேண்டுமானாலும் போடலாம். கால் விரல் வருகிற முன்பக்கம்தான் கஷ்டம். அங்கே பெரிய தோலைச் சின்னத் தோலுக்குள் சுருக்கிச் சுருக்கி அடக்க வேண்டும். எங்கள் கைக்கு அது கிழிந்த வாய் மாதிரி கோணிக்கொண்டு நிற்கும். அக்கா கையில் அது பூ மடிந்த மாதிரி உட்காரும்.

பக்கத் தையல் வரைக்கும் வாசலில் எங்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே போடுவாள். சுருக்கு வந்ததும் சட்டென்று எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "அக்கா பிரசவத்துக்குப் போய்ட்டா. பெத்துட்டுத்தான் வெளிய வருவா" என்பாள் டெய்சி. அந்தச் சுருக்கை அக்கா எப்படிப் போடுகிறாள் என்று எங்கள் தெருவில் யாரும் பார்த்தது கிடையாது. பெற்ற மகனுக்கே தெரியாது.

எனக்கு வயிற்றெரிச்சல் அதன்மேல்தான். ஏஜென்ட்டம்மா என் அப்பரைத் திருப்பிப் பார்த்து, "ம், பரவால்ல" என்பாள். அக்காவுடையதைக் கையில் எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கட்டை விரலால் அந்தச் சுருக்கை மெதுவாக ஒரு தடவு தடவிவிட்டுக் கீழே வைப்பாள். அந்த ஒரு தடவலுக்காக நான் ஏங்கியிருக்கிறேன். என் கூரையை அக்கா பார்ப்பாளே, அப்படித்தான் அவள் விரலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மார்கழிக்கு வேலை கம்மியாகிவிட்டது. கறுப்புத் தோலும் பழுப்புத் தோலும் வருவதே நின்றுபோய், பல வீடுகளில் ஊசி துருப்பிடித்தது. டேனரியிலும் அக்கா வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அந்த நேரத்தில் ஏஜென்ட்டம்மா ஒரு மூட்டையோடு வந்தாள். வெள்ளைத் தோல். அவ்வளவு வெள்ளையை நாங்கள் பார்த்ததே இல்லை, தொடவே பயமாக இருந்தது.

"இது ஒரு வீட்டுக்குத்தான். நல்லா வந்தா தொடர்ந்து இதே வீட்டுக்கு வரும், மத்தவங்க என்னைக் கேக்கக்கூடாது" என்றாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "கை உன் கைதான் வேணும். ஆனா ஒரு புள்ளி விழுந்தாலும் கம்பெனியில எடுக்க மாட்டாங்க. உன் வீடு சொட்டுமாமே?"

"எங்க வீடா?" என்றாள் அக்கா. "யாரு சொன்னா? போன வருஷம் இவ வீடு சொட்டுச்சி. நான் கண்ணால பாத்தேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூட்டை அக்கா வீட்டுக்குப் போனது.

அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. வெள்ளைத் தோல்மேல் எவள் கண்ணும் படக்கூடாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காலையில் உப்பு கேட்கிற சாக்கில் கதவைத் தட்டி, அவள் ஒரு கை அகலத்துக்குத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். வீட்டு நடுவில் குடை விரித்திருந்தது. அதன் காம்பை ஸ்டூலில் கட்டி, அதற்குக் கீழே பாய் போட்டு, மடியில் துண்டு விரித்து உட்கார்ந்து அக்கா தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். குடைமேல் டப் டப் என்று விழுந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, வீட்டுக்குள்ள குடை?"

"வெளிச்சம் கண்ணு கூசுது" என்று உப்பைக் கொடுத்துவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் விடியற்காலை என் கதவைத் தட்டினாள். மூட்டையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு வெள்ளை அப்பர். அதன் நடுவில், சரியாக நடுவில், துருச் சொட்டு ஒன்று. குடைக் கம்பி வழியாக வழிந்திருக்கிறது. முகப் பவுடரைப் பூசிப் பார்த்திருக்கிறாள். மறையவில்லை.

"மீதி இங்க உக்காந்து போட்டுக்கறேன். இன்னிக்கு மத்தியானம் வருவா அவ."

"உள்ள வாங்கக்கா."

வந்தாள், உட்கார்ந்தாள். கூரையை ஒருமுறை பார்த்தாள். அடுக்கி வைத்த தோலையும் வெளியே ஏறுகிற வெயிலையும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கட்டுத் தோலை என் பக்கம் தள்ளினாள்.

"பக்கம் மட்டும் போடு. சுருக்குல கை வைக்காத. வச்ச, கைய ஒடிப்பேன்."

"சரிக்கா."

"அந்தப் பக்கம் திரும்பிக்க."

என் வீட்டிலேயே நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அதுவும் போதவில்லை அவளுக்கு. நான் திரும்பினால் தெரிய வேண்டும் என்று, என் முதுகோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவள் புடவை இன்னும் ஈரம்.

இப்படியே தைத்தோம்.  மெழுகு நூல் தோலுக்குள் ஓடுகிற சத்தம் மட்டும். பக்கத் தையலுக்கு ரெண்டு கையும் ஒன்றாக விரியும், சர்ர் என்று ஒரே சத்தம். அவள் முதுகு ரெண்டு பக்கமும் சமமாக அசையும். சுருக்கு வந்ததும் அது மாறியது. வலது தோள் மட்டும் கீழே இறங்கியது. சின்னதாக ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமே இல்லை, மூச்சுகூட இல்லை. தோல் தானாக அடங்கட்டும் என்று காத்திருக்கிறாள். நகத்தால் டக் என்று ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் இடது தோள் இறங்கியது, நீளமாக. நாங்கள் எல்லாரும் ரெண்டு நூலையும் ஒன்றாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒன்றை இழுத்து, நிறுத்தி, கீழ்ப்பக்கமாக மற்றதை இழுக்கிறாள். அவ்வளவுதான். இவ்வளவு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு வைத்திருந்தது என் முதுகு வழியாக எனக்குள் வந்துகொண்டிருந்தது.

என் கையில் இருந்த அப்பரில் பக்கம் முடிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். அவள் தோள் இறங்கும்போது என் கையும் இறங்கியது. அவள் காத்தபோது நானும் காத்தேன். தோல் என் விரலுக்குக் கீழே சொன்ன பேச்சைக் கேட்டு மடிந்தது. ஒரே ஒரு அப்பர். முடித்து முடிச்சுப் போட்டு, அவளுடைய அடுக்கின் அடியில் சொருகிவிட்டேன்.

மத்தியானம் வருகிறேன் என்ற ஏஜென்ட்டம்மா அதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அக்கா வீடு திறந்து கிடக்க, எங்கள் ரெண்டு பேரையும் என் வீட்டில் பார்த்தாள்.

"இன்னாது, ரெண்டு பேரும் ஒரே வீட்ல?"

"இவளுக்குத் தனியா இருக்க பயமா இருக்குதாம்" என்றாள் அக்கா.

ஏஜென்ட்டம்மா அடுக்கைத் தன் பக்கம் இழுத்தாள். முதலில் அவள் கையில் வந்தது பவுடர் பூசினது. மோந்து பார்த்தாள், விரலால் துடைத்தாள், துருப்புள்ளி எட்டிப் பார்த்தது. முகம் மாறிவிட்டது.

"சொட்டாதுன்னு சொன்னியேம்மா? நான் கம்பெனியில இன்னா பதில் சொல்லுவேன்? உன் வீட்ட நம்பி இனிமே ஒரு தோல் குடுக்க முடியாது."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஏஜென்ட்டம்மா கோபத்திலேயே அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே வந்த ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.  கட்டை விரல் தானாகப் போய் அந்தச் சுருக்கைத் தடவியது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை. அடியில் நான் சொருகி வைத்தது அது.

"ச்சே, உன்மேல கோவிச்சிக்கவும் முடியல" என்றாள் ஏஜென்ட்டம்மா, குரல் இறங்கி. "வீடு சொட்டினா சொட்டிட்டுப் போவுது. இந்தக் கைய விட முடியாது. இதப் போட்டவளுக்குத்தான் அடுத்த மூட்டையும், அதுக்கு அடுத்ததும். எங்கயாவது காய்ஞ்ச எடமாப் பாத்து உக்காந்து போடு. உன்னுதுதானே இது?"

அக்கா கை நீட்டி அந்த அப்பரை வாங்கினாள். அவள் சும்மா இருந்தால் போதும், தலையைக்கூட ஆட்ட வேண்டாம். உலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு காலையிலிருந்து முதல்முறையாக முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். 

"இது என்னுது இல்ல" என்றாள்.

"பின்ன யாருது?"

அக்கா ஊசியை எடுத்து, நான் போட்ட முடிச்சை அதன் முனையால் நெம்பி, இத்தனை வருஷம் கதவைச் சாத்திக் காத்த அந்தச் சுருக்கை ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.